மேட்டூர் அணையும் இருபது எண் வரிசைகளும்: எது எதனோடு சேர்ந்து நகர்கிறது?

தமிழ்நாட்டு நாளிதழ்களில் ஆண்டு முழுக்க இடம் தவறாமல் வரும் எண்கள் மேட்டூர் அணையுடையவை. காலை 8 மணி நிலவரப்படி நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வெளியேற்றம் இத்தனை கனஅடி. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணை; 120 அடியில் 93.47 டிஎம்சி கொள்ளும். இந்த நான்கோடு, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கும் வரத்து, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளின் இருப்பும் திறப்பும், குடகு மழை, வயநாடு மழை, சேலத்தின் வெப்பநிலை, ஏற்காட்டின் ஈரப்பதம், மின் தேவை என்று சேர்த்துக்கொண்டே போனால் இருபது வரிசைகள் எளிதில் வந்துவிடும். தானியங்கி மானிகள் வந்தபின் இவற்றில் பல, நாளுக்கு ஒன்றாக இல்லாமல் சில நிமிடங்களுக்கு ஒன்றாக ஓடி வருகின்றன.

இத்தனை எண்கள் கையில் இருந்தால் முதலில் எழும் கேள்வி, எது எதனோடு சேர்ந்து நகர்கிறது என்பதுதான். பள்ளிப் புள்ளியியல் இதை ஒட்டுறவு என்கிறது. அதை அளக்கும் ஒட்டுறவுக் கெழு –1க்கும் +1க்கும் இடையில் ஓர் எண்ணைத் தரும்: +1ஐ நெருங்கினால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன, –1ஐ நெருங்கினால் ஒன்று ஏற மற்றது இறங்குகிறது, சுழியத்தை ஒட்டினால் அப்படி ஒரு போக்கு இல்லை. கார்ல் பியர்சன் 1896இல் நிலைநிறுத்திய சூத்திரம் இன்றும் எல்லா மென்பொருளிலும் அப்படியே இருக்கிறது. இருபது வரிசைகளைக் கொடுத்தால் இருபதுக்கு இருபது கட்டம் போட்டு, சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டி ஒரு நொடியில் படமாகக் காட்டிவிடும். சேலத்துக் கல்லூரிகளில் தரவறிவியல் செயல்திட்டம் செய்யும் மாணவர்களின் அறிக்கைகளில் இந்தப் படம் முதல் பக்கத்திலேயே இருக்கும். பெரும்பாலும் அதுவே முடிவாகவும் இருந்துவிடுகிறது. வேலை தொடங்கவேண்டிய இடம் அது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

இருபது வரிசைகளில் எத்தனை இணைகள்? 190. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இருபது வரிசைகளை எடுத்து, வழக்கமான 5 விழுக்காடு முக்கியத்துவ மட்டத்தில் (தொடர்பே இல்லாத இணையும் நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாகத் தேறிவிடும் அளவுகோல் இது) சோதித்தாலும் ஒன்பது பத்து இணைகள் "தொடர்புடையவை" என்று எழுந்து நிற்கும். ஆனால் காவிரியில் எதுவும் அதே நாளில் நடப்பதில்லை. குடகில் பெய்த மழை மேட்டூருக்கு வர நாட்கள் ஆகும். ஆகவே ஒவ்வோர் இணைக்கும் முப்பது நாள் முன்னும் பின்னும் தள்ளி ஒப்பிடவேண்டும். அப்போது ஓர் இணைக்கு 61 ஒப்பீடு, மொத்தம் 11,590. தற்செயலாகத் தேறுபவை மட்டும் ஏறத்தாழ 580. ஆயிரம் மானிகள் உள்ள ஓர் ஆலையில் இணைகளே 4,99,500. மூன்று மூன்றாகப் பார்த்தால் பதினாறு கோடியே அறுபத்தொரு லட்சத்துக்கும் மேல். கணினி வேகம் கூடினால் இந்தச் சிக்கல் குறையாது, வளரும். தேடும் பரப்பு பெரிதாகப் பெரிதாக, தற்செயலாகக் கிடைக்கும் மிக வலுவான ஒட்டுறவும் பெரிதாகிக்கொண்டே போகும்.

கணினி இல்லாத காலத்திலேயே, இந்திய மழையை வைத்தே இதைக் கண்டுகொண்டவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணிதர், 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1899இல் பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்த நினைவு அப்போது ஆறவில்லை. அடுத்த பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதே அவர் முன் நின்ற கேள்வி. உலகெங்கும் உள்ள நிலையங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை, நைல் நதி வெள்ளம் வரை எடுத்து, எழுத்தர்களை உட்கார வைத்து ஒட்டுறவுகளைக் கையால் கணக்கிடச் செய்தார். இவ்வளவு இணைகளைத் தேடினால் அவற்றுள் மிகப் பெரியது தற்செயலாகவே பெரிதாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் 1914இல், பல ஒட்டுறவுகளில் உச்சமானதைத் தேர்ந்தெடுக்கும்போது அதை எந்த அளவுகோலால் சோதிக்கவேண்டும் என்று எழுதி வைத்தார். 1995இல் பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் தந்த முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது: தேறியதாக அறிவிக்கும் தொடர்புகளில் பொய்யானவற்றின் பங்கை ஒரு வரம்புக்குள் வைக்கும் முறை அது. அந்தக் கவலை வாக்கரின் தாளிலேயே இருந்தது. 1913இல் சென்னைக்கு வந்தபோது ராமானுஜனின் குறிப்பேடுகளைப் பார்த்து, அவருக்கு உதவித்தொகை கொடுக்கும்படி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவரும் இதே வாக்கர்தான்.

அவர் தேடலில் பல தொடர்புகள் கரைந்து போயின. ஒன்று நின்றது. பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டம். அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். ஏன் அப்படி நடக்கிறது என்பதை 1969இல்தான் யாக்கோப் பியர்க்னஸ் விளக்கினார், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவோடு இணைத்து. எண்ணுக்கும் காரணத்துக்கும் நடுவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

இனி மேட்டூருக்குத் திரும்பலாம். ஓராண்டுக்கு 365 நீர்மட்ட அளவுகள் இருக்கின்றன. 365 சான்றுகள் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இன்றைய நீர்மட்டம் நேற்றைய நீர்மட்டத்திலிருந்து அரை அடியோ ஓரடியோ மாறியிருக்கும், அவ்வளவுதான். நேற்றைய எண் தெரிந்தால் இன்றைய எண்ணில் புதிதாக அறிய அதிகம் இல்லை. இரண்டு வரிசைகளும் தத்தம் முந்தைய நாளோடு 0.98 அளவுக்கு ஒட்டியிருந்தால், அவற்றை ஒப்பிடும்போது 365 நாட்களின் உண்மையான எடை ஏழு தனித்த அளவுகளுக்குச் சமம். ஏழு புள்ளிகளை வைத்து 0.6 என்று ஒட்டுறவு வந்தால் எந்தப் பேராசிரியரும் ஏற்கமாட்டார். 365 என்று எழுதியிருந்தால் ஏற்றுவிடுகிறார். மெல்ல நகரும் காலவரிசைகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமலே ஒட்டிக்காட்டும் என்பதை உட்னி யூல் 1926இலேயே விரிவாகக் காட்டிவிட்டார். மேட்டூர் நீர்மட்டத்தையும் தங்க விலையையும் பக்கத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் அழகாக ஒட்டும். மருந்து எளிது: நீர்மட்டத்தை விட்டுவிட்டு, நாளுக்கு நாள் வரும் மாற்றத்தை எடுத்துக்கொள்ளவேண்டும்.

பருவமும் அதே வேலையைச் செய்யும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இரண்டின் வெப்பநிலையும் ஏப்ரல், மே மாதங்களில் ஏறும், டிசம்பரில் இறங்கும். கெழு மிக உயரமாக வரும். அதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது கோடை வந்தது என்பது மட்டுமே. ஒவ்வொரு நாளுக்கும் அந்த நாளின் நீண்டகாலச் சராசரியைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிட்டால்தான், சேலத்தில் வழக்கத்தைவிட வெயில் காயும் நாளில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் அப்படியா, அல்லது மேகம் அங்கே வேறு கணக்கு வைத்திருக்கிறதா என்பது தெரியும். மலையில் பயிர் வைத்திருப்பவருக்குப் பயன்படுவது இந்த மிச்சம்தான்.

இரண்டு மாறிகளுக்குப் பின்னால் மூன்றாவது ஒன்று நிற்பதைப் பிடிக்கப் பகுதி ஒட்டுறவு என்ற கருவி இருக்கிறது. சேலத்தின் மின் தேவையும் ஏற்காடு மலைப்பாதையில் ஏறும் வண்டிகளின் எண்ணிக்கையும் சேர்ந்து ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம்; கெழு 0.56. மின் தேவைக்கும் வெயிலுக்கும் 0.8, வண்டிகளுக்கும் வெயிலுக்கும் 0.7. வெயிலின் பங்கை நீக்கிவிட்டு மின் தேவையும் வண்டிகளும் எவ்வளவு ஒட்டுகின்றன என்று கணக்கிட்டால், சூத்திரத்தின் மேற்பகுதியில் 0.56லிருந்து 0.8 பெருக்கல் 0.7 கழிக்கப்படும். அது சரியாகச் சுழியம். இணைப்பு முழுவதும் வெயில் வழியே வந்தது. ஆயிரம் மாறிகளிலும் இதையே ஒரே சமயத்தில் செய்யலாம்; எல்லாவற்றின் பங்கையும் நீக்கியபின் மிஞ்சும் நேரடி இணைப்புகளை மட்டும் ஒரு வலையாக வரையும் முறைகள் உள்ளன.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றிப் பாடநூல்கள் குறைவாகவே பேசுகின்றன. இணை இணையாகப் பார்த்தால் மங்கலாகவோ இல்லாமலோ தெரியும் தொடர்பு, மூன்றாவது மாறியோடு சேர்த்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். குடகு மழைக்கும் மேட்டூர் வரத்துக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது. கிருஷ்ணராஜ சாகர் பாதி காலியாக இருக்கும் ஜூன் மாதத்தில் குடகில் கொட்டும் மழை அந்த அணையில் தங்கிவிடும். ஒகேனக்கல்லில் அதன் சுவடே தெரியாது. அணை நிரம்பிய பிறகு அதே மழை வந்தால் உபரிநீர் அப்படியே திறந்துவிடப்பட்டு, நாட்கள் கடந்து மேட்டூரில் லட்சம் கனஅடியாக வந்து சேரும். இரண்டு காலத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே கெழு எடுத்தால், இரண்டுக்கும் பொருந்தாத ஒரு நடுத்தர எண் கிடைக்கும். மழை, மேலணை இருப்பு, வரத்து மூன்றையும் சேர்த்து வைத்தால் கதை ஒரே பார்வையில் விளங்கும். டெல்டாவில் குறுவைக்கு நாற்று விடலாமா என்று யோசிப்பவருக்கு அந்த நடுத்தர எண்ணைக் கொடுப்பது தீங்கு என்றே நினைக்கிறேன்.

மரவள்ளியிலும் இதுவே. சேலம் மாவட்ட ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்குக்கு விலை, அதில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதைக் காட்டும் பாயிண்ட்டை வைத்துத்தான். கிழங்கு ஏறத்தாழ பத்து மாதப் பயிர். இளம் பயிருக்கு மழை வேண்டும். அறுவடை நெருங்கும்போது பெய்யும் மழை பாயிண்ட்டைக் குறைத்துவிடும் என்பது ஆத்தூர் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயிரின் வயதைச் சேர்க்காமல் மழையையும் பாயிண்ட்டையும் மட்டும் ஒப்பிட்டால், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் கெழு சுழியத்தை ஒட்டி நிற்கும். "மழைக்கும் மாவுச்சத்துக்கும் தொடர்பில்லை" என்று அறிக்கை வரும். எல் நினோவும் இங்கே அப்படித்தான் விளையாடுகிறது: தென்மேற்குப் பருவமழையை நலியச் செய்யும் போக்கு அதற்கு உண்டு, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும் போக்கும் உண்டு. சேலம் இரண்டு மழையையும் பெறும் மாவட்டம். ஆண்டு மொத்த மழையை வைத்துக் கணக்கிட்டால் அந்த இரண்டு போக்குகளும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

அளவுகோல்களைப் பற்றிச் சுருக்கமாக. பியர்சன் கெழு நேர்க்கோட்டு உறவை மட்டும் பார்க்கும். 2018 ஆகஸ்டில் மேட்டூர் வரத்து இரண்டு லட்சம் கனஅடியைத் தாண்டியது போன்ற ஒரு சில நாட்கள், ஆண்டு முழுவதன் கெழுவையும் தம் பக்கம் இழுத்துவிடும். எண்களுக்குப் பதில் அவற்றின் தரவரிசையை ஒப்பிடும் ஸ்பியர்மன் முறை, 1904ஆம் ஆண்டினது, அதற்கு இடம் கொடுக்காது. அது வளைந்த உறவையும் தாங்கும். மேட்டூரில் 100 அடியில் சுமார் 65 டிஎம்சி, மேலே உள்ள இருபது அடியில் மட்டும் ஏறத்தாழ 28 டிஎம்சி என்பது போன்ற வளைவு. ஏறி இறங்கும் உறவுகளுக்கு ஷானனின் தகவல் கோட்பாட்டிலிருந்து வந்த பரஸ்பரத் தகவலும், 2007இல் வந்த தொலைவு ஒட்டுறவும் உள்ளன. இவை சக்தி வாய்ந்தவை, ஆனால் கணக்குச் செலவு அதிகம், தற்செயலையும் எளிதில் பிடித்துவிடும். ஸ்பியர்மனில் தொடங்கி, சிதறல் வரைபடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மேலே போவதுதான் நான் பரிந்துரைப்பது.

ஓடிக்கொண்டே வரும் தரவில் இன்னொரு நெருக்கடி: பழைய எண்கள் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது, புதிய எண் வரும்போதெல்லாம் முதலிலிருந்து கணக்கிடவும் முடியாது. நல்லவேளை, பியர்சன் கெழுவுக்கு எல்லா எண்களும் வேண்டாம். எத்தனை அளவுகள், முதல் வரிசையின் கூட்டல், இரண்டாவதின் கூட்டல், இரண்டின் வர்க்கக் கூட்டல்கள், பெருக்கல்களின் கூட்டல் என ஆறு எண்கள் போதும். புதிய அளவு வந்தால் ஆறையும் புதுப்பித்துவிட்டு அளவைத் தூக்கி எறிந்துவிடலாம்.

கோட்பாட்டில் சரி. நடைமுறையில் இந்த எளிய வழி ஏமாற்றும். மேட்டூர் அனல்மின் நிலையம் இணைந்திருக்கும் மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் 50ஐ ஒட்டியே, 49.98, 50.01 என்று அசையும். பத்து லட்சம் அளவுகளின் வர்க்கக் கூட்டல் சுமார் 250 கோடி. திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து அளவுகள் வழக்கமாக விலகும் தூரம், 0.02 என்றால் நமக்குத் தேவையான விலகல்களின் வர்க்கக் கூட்டல் வெறும் 400. 250 கோடியிலிருந்து கிட்டத்தட்ட 250 கோடியைக் கழித்து அந்த 400ஐ எடுக்கவேண்டும். சிறிய மானிகளில் வழக்கமாக இருக்கும் 32 பிட் எண்முறையில், 250 கோடி அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளியே 256. கிடைக்கும் விடைக்குப் பொருளே இருக்காது. சில சமயம் விலகல்களின் வர்க்கக் கூட்டல் எதிர்மறையாகக்கூட வந்து நிற்கும். வெல்ஃபோர்ட் 1962இல் கொடுத்த வழி இதைத் தீர்க்கிறது: கூட்டல்களைச் சேர்க்காமல் சராசரியையும் அதிலிருந்து விலகல்களையும் ஒவ்வோர் அளவுக்கும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போவது. மானிகளுக்கு நிரல் எழுதும் யாரும் இதைத் தவிர வேறு வழியில் எழுதவேண்டாம் என்பேன்.

அடுத்தது மறதி. தொடக்கம் முதல் இன்றுவரை எல்லாவற்றையும் சமமாக எடுத்துக்கொண்டால், நேற்று நடந்த மாற்றம் பழைய குவியலில் கரைந்துபோகும். ஒவ்வொரு புதிய அளவு வரும்போதும் பழையவற்றின் எடையை 0.99ஆல் பெருக்கினால், கெழு ஏறத்தாழக் கடைசி நூறு அளவுகளை நினைவில் வைத்திருக்கும். அந்த எண்ணை 0.999 ஆக்கினால் ஆயிரம். இதைத் தேர்ந்தெடுப்பது கணிதக் கேள்வி இல்லை. நதி எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று தெரிந்தவர் சொல்லவேண்டியது. மாறிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஐந்து லட்சம் இணைகளையும் நொடிக்கு நொடி புதுப்பிக்க முடியாது. 2002இல் யுன்யுவே சூ, டென்னிஸ் ஷாஷா இருவரும் காட்டிய வழி இன்றும் அடிப்படையாக நிற்கிறது: ஒவ்வொரு வரிசையின் அண்மைக்கால வடிவத்தை, அதை அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே மாற்றத்தின் முதல் சில எண்களாகச் சுருக்கி ஒரு கட்டத்துக்குள் போட்டுவிடுவது. ஒரே கட்டத்திலோ பக்கத்துக் கட்டத்திலோ விழும் வரிசைகளை மட்டும் முழுதாக ஒப்பிட்டால் போதும்; மிச்ச இணைகள் தொடப்படுவதே இல்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், உறவே ஒரு நாள் மாறிவிடும். நம் நாட்டிலேயே பெரிய பாடம் உண்டு. 1988 முதல் இந்திய வானிலைத் துறை பதினாறு மாறிகளை வைத்து நாட்டின் பருவமழையை முன்னறிவித்தது. பல ஆண்டுகள் முன்னறிவிப்பு பெரிதாகத் தவறவில்லை. 2002இல் சராசரியில் 101 விழுக்காடு மழை என்று சொன்னது. பெய்தது 81 விழுக்காடு. மறு ஆண்டே அந்தப் பதினாறு மாறிகளின் முறை மாற்றப்பட்டது. பழைய தரவில் ஒட்டியிருந்த சில மாறிகளின் உறவு அதற்குள் நலிந்திருந்தது.

காவிரியில் இயற்கை மட்டுமல்ல, தீர்ப்பும் உறவை மாற்றும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்த்தது. அதே ஆண்டு, அதைச் செயல்படுத்தக் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. மேலணைத் திறப்புக்கும் மேட்டூர் வரத்துக்கும் உள்ள கெழுவை 2010 முதல் இன்றுவரை ஒரே எண்ணாகக் கொடுப்பவர், இரண்டு விதிமுறைகளின் கீழ் ஓடிய நதியை ஒன்றாகக் கருதுகிறார். மேட்டூரின் வெளியேற்றம் மழையைப் பார்த்து மட்டும் நடப்பதும் இல்லை. ஜூன் 12 என்ற வழக்கமான திறப்பு நாள் இருக்கிறது. இருப்பு போதாத ஆண்டில் அது தள்ளிப்போகும். வெளியேற்ற வரிசையில் திடீரென்று எழும் படி ஒன்று, மனிதர்கள் எடுத்த முடிவு. அந்தத் தேதிகளைத் தனி வரிசையாகச் சேர்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களிலும் வெளியிலிருந்து வரும் மாறி ஒன்று எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. அங்கே மார்ச், ஏப்ரலில் பெய்து செடியைப் பூக்கவைக்கும் பூ மழை விளைச்சலைத் தீர்மானிக்கிறது. ஆனால் அராபிகா விலையைத் தீர்மானிப்பது நியூயார்க் சந்தையும் பிரேசிலின் வானிலையும். 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்தபோது ஏற்காட்டுக் காப்பிக்கும் விலை ஏறியது. ஏற்காட்டின் மழை, வெப்பம், தண்டுத்துளைப்பான் தாக்குதல், கூலி என்று உள்ளூர் வரிசைகளை மட்டும் வைத்துத் தேடினால் அந்த ஏற்றத்துக்கு ஏதோ ஓர் உள்ளூர்க் காரணம் நிச்சயம் கிடைக்கும். பதினொரு ஆயிரம் ஒப்பீடுகளில் ஒன்று பொருந்தாமல் போகாது.

ஆகவே, சேலத்திலோ ஏற்காட்டிலோ தரவு சேர்க்கத் தொடங்குபவரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். தேடுவதற்கு முன் எந்தத் தொடர்புகளை எதிர்பார்க்கிறீர்கள், ஏன் என்று எழுதி வையுங்கள். மொத்தம் எத்தனை ஒப்பீடுகள் செய்தீர்கள் என்பதையும் முடிவோடு சேர்த்தே வெளியிடுங்கள். கடைசி ஓரிரு ஆண்டுத் தரவைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, கண்டதை அதில் சோதியுங்கள். மானியின் நேரம் பிழையாக ஓடினால் இரண்டு வரிசைகளுக்கு நடுவே இல்லாத தாமதம் ஒன்று பிறக்கும். மானியை மர நிழலிலிருந்து வெட்டவெளிக்கு மாற்றினால் அன்று முதல் வெப்பநிலை வேறு. மானி மாற்றிய நாள், இடம் மாற்றிய நாள், மின்சாரம் இல்லாமல் அளவு விட்டுப்போன நாட்கள், இவை எல்லாம் எண்களுக்குப் பக்கத்திலேயே, அதே கோப்பில், தேதியோடு இருக்கவேண்டும்.